ஏழு வரி, 317 மணி நேரம்: ஒரு மருத்துவ விண்ணப்பதாரரின் தன்னார்வப் பணித் தேர்வு

2023 ஏப்ரல் கடைசியில் நண்பர் ஒருவர் எனக்கு ஓர் எக்செல் கோப்பு அனுப்பினார். அவருடைய மகள் அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் 24 மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரே ஓர் இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அங்கும் முதலில் காத்திருப்போர் பட்டியல், பிறகு இல்லை என்று கடிதம். கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.81, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 514. இடம் கிடைத்தவர்களின் சராசரியோடு வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத எண்கள். "எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று நண்பர் ஒரு வரி எழுதியிருந்தார்.

நான் நியூ ஜெர்சியில் உள்நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். படித்தது தமிழ்நாட்டில். என் காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டி ஒரு கட் ஆஃப் வரும். அதற்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. நீ யாருக்காவது ஒரு வேளை சோறு ஊட்டியிருக்கிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே இந்த ஊர் முறை நான் பிறகு வந்து கற்றுக்கொண்டதுதான். கற்றதில் பிழைகளும் உண்டு; அவற்றில் ஒன்று இந்த ஆய்வுக்குள்ளேயே வரும். குடும்பத்தின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாணவி படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

கோப்பில் இருந்தது

அப்பா மென்பொருள் துறைக்காரர். கோப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஏழு வரிகள். மருத்துவமனை வரவேற்பு மேசை, 120 மணி நேரம். உணவு வங்கியில் பெட்டி அடுக்கியது, 24. இரத்த தான முகாம் இரண்டு நாள், 14. பூங்காவில் குப்பை பொறுக்கியது, 9. இந்தியாவில் மாமாவின் நர்சிங் ஹோமில் இரண்டு வாரம், 80. இணைய வழி டியூஷன், 30. கல்லூரியில் மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் ப்ரீமெட் மாணவர்களின் சங்கத்துக்காக நிதி திரட்டியது, 40. கீழே தடித்த எழுத்தில் கூட்டுத்தொகை: 317.

அந்தக் கூட்டுத்தொகையைத்தான் குடும்பம் நம்பியிருந்தது. அடுத்த முறை அதை 600 ஆக்கினால் போதுமா என்பதே அப்பாவின் கேள்வி.

விண்ணப்பப் படிவம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எம்.டி. (இங்கே மருத்துவரின் அடிப்படைப் பட்டமே அதுதான்) தரும் பெரும்பாலான கல்லூரிகள் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் பணிகள், அனுபவங்கள் என்று 15 வரிகள் வரை சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியும் சேர்த்து 700 எழுத்துக்குறிகள். அவற்றில் மூன்றை மட்டும் 'மிகவும் பொருள் பொதிந்தவை' என்று குறிக்கலாம். அந்த மூன்றுக்கு மேலும் 1,325 எழுத்துக்குறிகள் தருவார்கள். தன்னார்வப் பணியை மருத்துவம் சார்ந்தது, சாராதது என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். மருத்துவரின் பின்னால் நின்று பார்க்கும் ஷேடோயிங் இந்த இரண்டிலும் சேராது. அதற்குத் தனிப் பிரிவு. நம் குடும்பங்களில் பாதிப் பேர் இவை மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

15 வரி என்றதும் 15-ஐயும் நிரப்பியாக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. படிவத்தின் உயிர் அந்த மூன்றில்தான் இருக்கிறது. இவளுடைய பழைய விண்ணப்பத்தில் அந்த மூன்று எவை என்று பார்த்தேன். வரவேற்பு மேசை, ஆய்வகத்தில் ஒரு கோடைக்காலம், மாமாவின் நர்சிங் ஹோம். மூன்றாவதைப் படித்ததும் கோப்பை மூடிவிட்டு அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

இரண்டு தையல்

அவள் எழுதியிருந்ததன் சாரம் இது: நர்சிங் ஹோமில் பிரசவம் பார்க்க உடனிருந்தாள். மாமாவின் மேற்பார்வையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு தையல் போட்டாள். அந்தக் கணத்தில் மருத்துவம்தான் தன் வழி என்று தெரிந்துகொண்டாள். எழுத்து நன்றாகவே இருந்தது. அதனால்தான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"மாமா பக்கத்துலயேதான் இருந்தார் அங்கிள். நான் தனியா ஒண்ணும் செய்யல."

"அது சரிம்மா. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டாங்களா?"

அவள் பதில் சொல்லவில்லை. கேட்டிருக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தது.

இங்கே ஒரு ப்ரீமெட் மாணவி ஊசியைத் தொட்டால் மருத்துவமனையே கலங்கிப்போகும். கடல் தாண்டிப் போனதும் அதே மாணவிக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011-இலேயே இதற்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டில் அனுபவம் தேடிப் போகும் மாணவர்கள் தங்கள் பயிற்சிக்கு மீறிய எதையும் நோயாளி மீது செய்யக் கூடாது, அப்படிச் செய்தது விண்ணப்பத்துக்குப் பலம் சேர்க்காது, பாதகமாகவும் முடியலாம் என்பதே அதன் கருத்து. சாதனை என்று நினைத்து அவள் எழுதிய வரியைத் தேர்வுக் குழுவில் இருப்பவர் வேறு மாதிரி வாசித்திருப்பார்: வாய்ப்புக் கிடைத்தால் எல்லை தாண்டும் ஆள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாமாவோ சித்தப்பாவோ பெரியப்பாவோ ஒரு மருத்துவர் இருப்பார். பாசத்தில் அறுவை அரங்கு வரை அழைத்துப் போவார். அவருக்கு இங்குள்ள நடைமுறை தெரிய நியாயமில்லை. பிள்ளைக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும்: சும்மா நின்று பார், கையைக் கட்டிக்கொள்.

அந்த வரியை அன்றே எடுத்துவிட்டோம்.

புதிதாக ஒரு பத்தி

மீதி இருந்த ஆறு வரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பொய் ஒன்றும் இல்லை, சோம்பலும் இல்லை. ஆனாலும் அந்த மணிகளில் இவள் இருந்ததாகவே தெரியவில்லை. என்ன கேட்பதென்று யோசித்து, அப்பாவின் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் நேராகக் கடைசியில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னேன். தலைப்பு: 'நீ வராவிட்டால் யாருக்குத் தெரியும்?'

அவளே நிரப்பினாள். வரவேற்பு மேசை: யாருக்கும் தெரியாது, மேசையில் எப்போதும் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். உணவு வங்கி: யாருக்கும் தெரியாது. பூங்கா: குப்பைக்குக்கூடத் தெரியாது (இது அவளுடைய சொல்). இணைய டியூஷன்: ஒவ்வொரு வாரமும் வேறு பிள்ளை, ஆகவே தெரியாது.

ஆம்காஸ் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் தொடர்புகொள்ள ஒருவர் பெயரைக் கேட்பார்கள். 120 மணி நேரம் உட்கார்ந்த இடத்துக்கு யார் பெயரைக் கொடுத்தாய் என்று கேட்டேன். தன்னார்வலர் அலுவலகத்தின் மேலாளர் பெயரை இணையதளத்தில் பார்த்து எடுத்துப் போட்டிருக்கிறாள். அவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, அறிமுகக் கூட்டத்தில்.

மருத்துவமனைக்குள் இருப்பதே மருத்துவ அனுபவம் ஆகிவிடாது. நோயாளியின் வாசனை உன்மேல் படும் தூரத்தில் இருந்தால்தான் அது மருத்துவம் சார்ந்தது என்று இந்த ஊர் ஆலோசகர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பரிசுக் கடையில் பலூன் விற்பதும் மேசையில் வழி சொல்வதும் தேவையான வேலைகளே. ஆனால் நான்கு மாடிக்கு மேலே ஒருவர் எழுந்து நடக்கப் பயந்துகொண்டு படுத்திருப்பது அங்கிருந்து தெரியாது.

என்னவெல்லாம் யோசித்தோம்

முதலில் மொழிபெயர்ப்பு. இவளுக்குத் தமிழ் நன்றாக வரும். தமிழ் மட்டுமே தெரிந்த தாத்தா பாட்டிகள் பிள்ளைகளோடு வந்து இங்கே நோயில் விழும்போது படும் பாட்டை நான் வார்டில் பார்க்கிறேன். அம்மாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. "நம்ம மொழியே அவளுக்கு உதவும் இல்லையா அண்ணா" என்றார். ஆனால் வாலண்டியர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துவிட முடியாது. 2010-ஆம் ஆண்டின் நலப் பராமரிப்புச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அதை ஒட்டி வந்த விதிகளும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்கின்றன. குடும்பத்தாரையும் சிறுவர்களையும் அந்த வேலைக்கு நம்பியிருக்கக் கூடாது என்கின்றன. தேசிய அளவில் சான்றிதழ் வாங்க முதல் படியே 40 மணி நேரப் பயிற்சி. காரணம் இல்லாமல் இல்லை. 'தலைசுற்றல்' என்று பாட்டி சொல்வது ஒன்று, 'மயக்கம்' என்று சொல்வது இன்னொன்று, 'கிறுகிறுப்பு' என்பது வேறொன்று. மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்தால் நான் தவறான பரிசோதனைக்கு எழுதிவிடுவேன். பயிற்சியை முழுதாக முடித்தால் இது அருமையான பணி. வேலைக்குப் போய்க்கொண்டே அந்த ஆண்டில் முடிக்க அவளால் இயலாது என்று தோன்றியதால் விட்டோம்.

குறுஞ்செய்தி வழியாக மன நெருக்கடியில் இருப்பவர்களோடு பேசும் க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன் பற்றியும் பேசினோம். 30 மணி நேரப் பயிற்சி, பிறகு 200 மணி நேரம் தருவதாக ஒப்புதல். தீவிரமான வேலை. ஆனால் இவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் திரையில் செய்யும் பெண். நேரில் ஒரு முகத்தைப் பார்க்கும் வேலையே வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அது என் விருப்பு வெறுப்பு. அந்தப் பணியின் குறை அல்ல.

ஆம்புலன்ஸ் குழு வேண்டாம் என்று அம்மா முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்.

பிறகு ஹாஸ்பிஸ், அதாவது வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்பு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து பணம் பெறும் ஹாஸ்பிஸ்களுக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு: ஊதியம் பெறுவோர் நோயாளிகளின் கவனிப்பில் செலவிடும் மொத்த நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்குச் சமமான நேரத்தைத் தன்னார்வலர்கள் தர வேண்டும். அதாவது அங்கே தன்னார்வலர் தேவையா என்ற கேள்வியே எழாது, சட்டமே கேட்கிறது. நோயாளியின் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் மனைவி கடைக்குப் போய் வரலாம், தலைக்குக் குளித்துவிட்டு வரலாம். நீ வராவிட்டால் தெரியுமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

அவளிடம் சிசிலி சாண்டர்ஸ் கதையைச் சொன்னேன். 1918-இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். முதலில் செவிலியர்; முதுகு வலியால் அதை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். 1948-இல் தன் பராமரிப்பில் இருந்த ஒரு நோயாளி இறந்த பிறகு, இலண்டனில் சாகக் கிடப்பவர்களுக்கான ஓர் இல்லத்தில் மாலை நேரங்களில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அங்கே வலி மருந்தை வலி வரும்வரை காத்திராமல் வேளை தவறாமல் கொடுத்துவந்தார்கள். வலி திரும்பவே விடுவதில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர், ஓர் அறுவை மருத்துவரின் யோசனைப்படி முப்பது வயதைத் தாண்டிய பின் மருத்துவம் படிக்கப் போனார். 1957-இல், 38 வயதில், மருத்துவர் ஆனார். 1967-இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் தாய்வீடு. தன்னார்வப் பணி ஒருவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இவர்தான். அவர் அங்கே போனது சேர்க்கைக்காக அல்ல. பார்த்தது ஒன்றை மறக்க முடியாமல்தான் சேர்க்கைக்கே போனார்.

மாணவி உற்சாகமாக ஹாஸ்பிஸ் ஒன்றுக்கு எழுதினாள். நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். சமீபத்தில் வீட்டில் யாராவது இறந்தார்களா என்று கேட்டார்கள். அவளுடைய பாட்டி அந்த ஜனவரியில்தான் போயிருந்தார். ஓராண்டு கழித்து வா என்று மென்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பல ஹாஸ்பிஸ்கள் இப்படித்தான். துக்கம் ஆறாதவர் இன்னொரு மரணத்தின் அருகில் உட்காரும்போது, யாரை யார் தேற்றுகிறார்கள் என்பது குழம்பிப்போகும். அம்மாவுக்குக் கோபம். "இலவசமா வேலை செய்யறேன்னு போனா அதுக்கும் வேணாங்கறாங்களே அண்ணா!" எனக்கு அந்த ஒருங்கிணைப்பாளர்மேல் மரியாதைதான் வந்தது.

புதன்கிழமை இரவுச் சாப்பாடு

கடைசியில் அவள் சேர்ந்தது நாங்கள் யாரும் முதலில் நினைக்காத இடம். ஒரு மருத்துவமனையில் முதிய நோயாளிகளுக்கான தன்னார்வத் திட்டம்.

இதன் பின்னணியை எந்த ப்ரீமெட் பிள்ளையும் தெரிந்துகொள்ளலாம். எழுபது வயதுக்காரர் நிமோனியாவுக்காக வந்து படுப்பார். மூன்றாம் நாள் இரவு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ட்யூபைப் பிடுங்குவார். டெலிரியம் என்கிறோம். நம் வீடுகளில் "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று அழுவார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோயே என்ற மருத்துவர் 1993-இல் இதைத் தடுக்க ஒரு திட்டத்தை உருவாக்கினார். அதில் புது மருந்து எதுவும் கிடையாது. இன்று என்ன கிழமை என்று பலகையில் எழுதுவது, கையைப் பிடித்து நடக்க வைப்பது, மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் தேடி மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து முதுகை நீவிவிடுவது. இதில் பெரும்பகுதியைச் செய்வது பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். 1999-இல் வெளியான ஆய்வில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளைப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. இந்தத் திட்டத்தில் 9.9 சதவீதம். என் மருந்துப் பட்டியலில் இப்படி ஓர் எண்ணைக் காட்டக்கூடியவை அதிகம் இல்லை.

காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்றுகள், பின்னணிச் சோதனை, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய வகுப்பு எல்லாம் முடிய ஏழு வாரம் ஆயிற்று. இந்த ஏழு வாரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மே மாதத்தில் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் மார்ச்சில் வந்து எங்கே சேரலாம் என்று கேட்பார்கள். சேர்ந்து அட்டை கையில் வருவதற்குள் விண்ணப்பம் போய்விடும்.

2023 செப்டம்பரில் தொடங்கினாள். பகலில் ஒரு கிளினிக்கில், மருத்துவருக்காகக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைபாகச் சம்பள வேலை. புதன் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை வார்டில் இரவுச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில்தான் செவிலியர்களுக்கு ஷிஃப்ட் மாறும் நெருக்கடி, மருந்து வேளை, எல்லாம் ஒன்றாக வரும். தட்டுகள் மூடி திறக்காமல் ஆறிக்கொண்டிருக்கும்.

நான்காவது வாரம் ஒரு தவறு செய்தாள். நாக்கு வறண்டு கிடந்த ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார். மேசையில் இருந்த குவளையை எடுத்து ஸ்ட்ராவோடு நீட்டினாள். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிக்கல் உள்ளவர் அவர். தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும் என்று கட்டிலுக்கு மேலே அட்டை தொங்குகிறது. அவள் பார்க்கவில்லை. புரையேறி, முகம் சிவந்து, செவிலியர் ஓடிவந்து, நிமிர்த்தி உட்கார வைத்து, உறிஞ்சி எடுத்து... பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டார். நுரையீரலுக்குள் போனதா என்று இரண்டு நாள் காய்ச்சலைக் கவனித்தார்கள். வரவில்லை. ஆனால் அறிக்கை எழுதினார்கள். அவளை மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அன்று இரவு எனக்குத் தொலைபேசினாள். இனிப் போகப் போவதில்லை என்றாள். தாகமென்று கேட்டவருக்குத் தண்ணீர் கொடுப்பது தப்பாகும் ஓர் இடம் இருக்கிறது என்பதையே அவளால் ஏற்க முடியவில்லை. நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது நான் செய்த ஒரு தவறைச் சொன்னேன். அது இங்கே வேண்டாம். அடுத்த புதன் போனாள். கட்டிலுக்கு மேலே பார்த்துவிட்டுத்தான் கட்டிலைப் பார்ப்பாளாம்.

நான் அழித்த வரி

டிசம்பர் வாக்கில் ஓய்வு பெற்ற ஓர் ஓட்டுநர் அந்த வார்டில் இருந்தார். யார் பேசினாலும் சம்பந்தமில்லாத பதில். குழப்பத்தில் இருக்கிறார் என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது. இவள் சாப்பாட்டைப் பிரித்துவைத்துவிட்டு, பேச்சைக் குறைத்து, அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனித்திருக்கிறாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியைத் திறந்து பையைத் துழாவினால் அடியில் துணிக்குள் சுருட்டிய காது மெஷின். பாட்டரி செத்துப்போயிருந்தது. செவிலியரிடம் சொல்லி மாற்றிப் போட்டதும் அவர் முதலில் கேட்டது, "ஏன் எல்லோரும் என்னிடம் இப்படிக் கத்துகிறீர்கள்?"

எப்படித் தோன்றியது என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதானே என்றுதான் நான் நினைத்தேன்.

"தமிழ்ப் பள்ளியில ஒரு பையன் இருந்தான் அங்கிள். போர்டுல எழுதினா எழுதவே மாட்டான். அவங்கம்மாவே சோம்பேறின்னு சொல்லிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஒருநாள் முதல் வரிசையில உக்கார வெச்சேன். ஒரு எழுத்து விடாம எழுதிட்டான். அவனுக்குப் பலகையே தெரியல. அதுக்கப்புறம் யாராவது ஒழுங்கா பதில் சொல்லலைன்னா, முதல்ல அவங்களுக்குக் கேக்குதா, தெரியுதான்னு பாத்துடுவேன்."

எந்தத் தமிழ்ப் பள்ளி என்று கேட்டேன். கேட்டவுடனே எனக்கே நினைவு வந்துவிட்டது.

பதினாறு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளியில் நிலை ஒன்றுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறாள். ஆண்டுக்கு முப்பது வாரம், வாரம் இரண்டு மணி நேரம், ஆறு ஆண்டு. 360 மணி நேரம். அப்பாவின் கோப்பில் இருந்த ஏழு வரிகளையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். அது அந்தக் கோப்பிலேயே இல்லை. காரணம் நான். 2020-இல் ஒரு விருந்தில் இவர்கள் கேட்டபோது, "அதெல்லாம் நம்மூர் சமாசாரம், கமிட்டிக்குப் புரியாது, மெடிக்கலா ஏதாவது சேர்" என்று வாயில் இட்லியோடு தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவள் வேலையை விடவில்லை. எழுதுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது ஓர் ஆபத்து. நாங்கள் வேறு தேர்வு எழுதி வந்தவர்கள். எங்களுக்குச் சமூக சேவை என்றால் கேமராவுக்கு முன்னால் நடப்பது என்று பதிந்திருக்கிறது.

அந்தக் கடைசிப் பத்தியை அவளிடமே மறுபடி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ போகாவிட்டால்? "எட்டுப் பசங்க கதவுகிட்ட நிப்பாங்க அங்கிள். சாவி என்கிட்டதான் இருக்கு."

இரண்டாம் சுற்று

2024 ஜூன் முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போய்விட்டது. முதல் முறை ஆகஸ்ட் கடைசியில் அனுப்பியிருந்தாள். பெரும்பாலான கல்லூரிகள் வர வர வாசித்து, இடங்களை நிரப்பிக்கொண்டே போகும் முறையில், அந்தத் தாமதமே பெரிய அடி. 2023 சேர்க்கைக்கு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர், சேர்ந்தவர்கள் 22,981. கடைசியில் வந்து வரிசையில் நின்றவளை எண்கள் மட்டும் காப்பாற்றியிருக்காது.

பொருள் பொதிந்த மூன்று: தமிழ்ப் பள்ளி, முதியோர் வார்டு, ஸ்க்ரைப் வேலை. முதியோர் வார்டில் அதுவரை வெறும் 114 மணி நேரம். அப்பா கையைப் பிசைந்தார். பழைய வரவேற்பு மேசையே 120 ஆயிற்றே, இது குறைகிறதே என்றார். படிவத்தில் முடிந்த மணிகளைத் தனியாகவும் இனிச் செய்யப்போகும் மணிகளைத் தனியாகவும் கேட்பார்கள். தொடர்ந்து போகிறாள் என்பது அதில் தெரியும் என்று சமாதானம் சொன்னேன். உணவு வங்கியையும் இரத்த தான முகாமையும் ஒரே வரியில் அடக்கினோம். பூங்கா, நிதி திரட்டல், டியூஷன் எல்லாம் போயின.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. 1,325 எழுத்துக்குறிகளில் அவள் அந்தத் தண்ணீர்ச் சம்பவத்தை எழுதினாள். வேண்டாம் என்றேன். காது மெஷின் இருக்கும்போது இதை ஏன் எழுத வேண்டும்? "அது நல்லா முடிஞ்ச கதை அங்கிள். ஆனா நான் வார்டுக்குள்ள எப்படி நடக்கறேன்னு மாத்தினது இதுதான்" என்றாள். காது மெஷினை அவள் எழுதவே இல்லை. பலகை தெரியாத பையனை எழுதினாள்.

20 கல்லூரிகள், ஐந்து நேர்காணல்கள், இரண்டு இடங்கள். நேர்காணல்களில் மூன்று இடத்தில் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்களாம். ஓர் இடத்தில் தமிழில் மொத்தம் எத்தனை எழுத்து என்று கேட்டு, 247 என்றதும் நேர்காணல் செய்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

இவளுக்கு இடம் கிடைத்தது தன்னார்வப் பணியை மாற்றியதால்தான் என்று நான் சொல்லவில்லை. நாள் முந்தியது, கல்லூரிப் பட்டியலை மாற்றினோம், ஓராண்டுச் சம்பள வேலையும் சேர்ந்தது. ஒரே நாளில் மூன்று மருந்து கொடுத்துவிட்டு எதில் காய்ச்சல் இறங்கியது என்று சொன்னால் என் பேராசிரியர்கள் அடிக்க வருவார்கள். முதல் சுற்றில் சறுக்கியது எது என்பதில் தையல் வரியையும் தாமதத்தையும் உறுதியாகச் சொல்வேன். மற்றவை ஊகம்.

2025 ஜூலையில் அவள் கிளம்பிப் போனாள். தமிழ்ப் பள்ளிச் சாவி இப்போது வேறொருவரிடம்.

போன மாதம் அப்பாவிடமிருந்து மறுபடி ஓர் எக்செல் கோப்பு வந்தது. தம்பி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். நான்கு வரி, 46 மணி நேரம். நான் சேர்க்கச் சொன்ன பத்தியை மறக்காமல் வைத்திருந்தார். நீ வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்பதன் கீழே நான்கு கட்டத்திலும் ஒரே விடை: 'ஒருங்கிணைப்பாளருக்கு'. கோப்பைத் திருப்பி அனுப்பி, தம்பியை ஒருநாள் தனியாக வரச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.